"இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கார்": தாம்பரம் பக்கம் மனை பார்ப்பவர்கள் கவனத்துக்கு

சென்னைப் புறநகரில் மனை தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விற்றவர் பெயரையும் புரோக்கர் பெயரையும் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் போய் விவகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்கள் எப்படிப் பேசினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் போதும், பெயர் தேவைப்படாது.

அரை கிரவுண்டு, 1,200 சதுர அடி, கிழக்குப் பார்த்த மூலை மனை. 72 லட்சம் சொன்னார்கள். என் அண்ணன் 62-இல் ஆரம்பித்தார். விற்பவர் 70-க்கு வந்து நின்றுவிட்டார். இதுவரை எல்லாம் சகஜம்தான். "இதுக்குக் கீழ ஒரு ரூபா குறையாது" என்று அவர் சொல்வதும், "எங்ககிட்ட இவ்வளவுதான் இருக்கு" என்று நாம் சொல்வதும் இரண்டுமே பொய் என்று இருவருக்கும் தெரியும்.

அப்போது புரோக்கருக்கு ஒரு போன் வந்தது. எழுந்து வெளியே போகாமல் எங்களுக்குக் கேட்கும்படியே பேசினார். "சார், இவங்க எதிர்லதான் உட்கார்ந்திருக்காங்க. இல்ல சார், நீங்க முழுசா தர்றீங்க, தெரியும். ஆனா முதல்ல வந்தவங்க இவங்க, நியாயம்னு ஒண்ணு இருக்கில்ல?" போனை வைத்துவிட்டு விற்பவர் பக்கம் திரும்பினார். "துபாய் பார்ட்டி. ராத்திரி பிளைட். ஏறுறதுக்குள்ள அட்வான்ஸ் போட்டுடறேங்கறார்."

விற்பவர் பெரிய மனுஷத்தனமாகக் கையை அசைத்தார். "பணம் இருக்கட்டும்யா. இவங்க குடும்பமா வந்திருக்காங்க. இன்னைக்கே அஞ்சு லட்சம் போட்டா 68-க்கு முடிச்சுடலாம்."

72 கொடுக்க ஒருவர் போனில் தயாராக இருக்கும்போது இவர் எதற்கு 68-க்கு இறங்க வேண்டும்? உண்மையிலேயே போட்டிக்கு ஆள் இருந்தால் விலை ஏறும், இல்லையென்றால் அதே இடத்திலாவது நிற்கும். விலை இறங்கி அவசரம் மட்டும் ஏறுகிறது என்றால், அவர்களுக்கு வேண்டியது அந்த நாலு லட்சம் இல்லை. நாம் பேப்பர்களைப் பார்ப்பதற்குள் பணம் கை மாற வேண்டும், அவ்வளவுதான்.

பேப்பர்களும் பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருந்தன. தாய்ப் பத்திரம், அதாவது உரிமை எப்படி வந்தது என்று காட்டும் மூலப் பத்திரம், விற்பவருடைய அப்பா பெயரில். அப்பா இறந்துவிட்டார், உயில் கிடையாது. வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை. ஆனால் வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். வீட்டில் இன்னொரு வாரிசு இருக்கிறாரா என்பதை அது சொல்லாது. வாரிசுச் சான்று கேட்டோம். "தாலுகா ஆபீஸ்ல இருக்கு, ரெண்டு நாள்ல வந்துடும், நான் ஒரே பையன்" என்றார். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யலாம் என்றோம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். "அதுக்கெல்லாம் நேரமில்ல சார், அவர் பிளைட் ஏறிடுவார்" என்று புரோக்கர் முத்திரைத்தாளை நீட்டினார். மூன்று மாதத் தவணை, தவறினால் அட்வான்ஸ் திரும்பாது. மூன்று லட்சத்தை ரொக்கமாகக் கேட்டார்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தப்பு என்று அண்ணன் சொல்லி, அட்வான்ஸ் ஐந்து லட்சத்தையும் வங்கி வழியாகவே அனுப்பினார். பின்னால் கைகொடுத்தது அது ஒன்றுதான்.

வாரிசுச் சான்று எப்போதோ வாங்கப்பட்டு வீட்டிலேயே இருந்திருக்கிறது. அதில் இரண்டு பெயர்கள். பெங்களூருவில் ஓர் அக்கா. அப்பாவின் சுயசம்பாத்தியம், உயில் இல்லை, அம்மாவும் இல்லை என்றால் மனையில் பாதி அவருடையது. "அக்கா விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துடுவாங்க" என்று இழுத்தார், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவாராம். அப்புறம், "அக்கா பத்து லட்சம் கேக்கறாங்க, பாதி நீங்க ஏத்துக்கங்க" என்றார். அந்த அக்காவிடமே பேசினோம். மனை விலை பேசப்பட்டதே அவருக்குத் தெரியாது. பத்து லட்சமும் தம்பி சொந்தமாகப் புனைந்த கணக்கு. இதற்குள் தவணை முடிந்தது. "அட்வான்ஸ் போச்சு" என்று வாட்ஸ்அப்பில் ஒரே வரி வந்தது.

மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மறைத்து விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அங்கேயும் பொய்க்குக் குறைவில்லை. ஆனால் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்க யாரும் தடை சொல்வதில்லை. சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பிரிக்கிறது. "இதுதான் கடைசி விலை" என்பது பேரம். பொய் என்று தெரிந்தே ஒன்றை உண்மை என்று சொல்லி ஒப்பந்தம் போட வைத்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவில் அது மோசடி. துபாய்க்காரர் பொய் என்பதை நாங்கள் நிரூபிக்க வழியில்லை. எதிர்வீட்டு அம்மா மட்டும், "ஒன்றரை வருஷமா போர்டு தொங்குது, வர்றவங்ககிட்ட எல்லாம் இதே துபாய் கதைதான்" என்று சிரித்தார். ஆனால் ஒப்பந்தத்தில் "வேறு யாருக்கும் எவ்விதப் பாத்தியதையும் இல்லை" என்று விற்பவர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். வக்கீல் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டார்.

போலீஸில் "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பினார்கள். பலர் இங்கேயே சோர்ந்துவிடுகிறார்கள், அவர்கள் நம்பியிருப்பதும் இந்தச் சோர்வைத்தான். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55-வது பிரிவு வாங்குபவர் பக்கமும் பேசுகிறது. உரிமையில் உள்ள குறையை விற்பவர் தானாகவே சொல்ல வேண்டும். நியாயமான காரணத்தால் நாம் வாங்க மறுத்தால், கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின் மீதே நமக்குப் பிடிமானம் உண்டு, அதாவது அந்தப் பணத்துக்கு அந்தச் சொத்தே ஈடு. நோட்டீஸில் இதை எழுதியதும் மூன்று லட்சம் வந்தது. மீதி இரண்டு இன்னும் வரவில்லை. அட்வான்ஸ் அன்றே பாதிக் கமிஷன் வாங்கிய புரோக்கர், "பார்ட்டியைச் சேர்த்து வைக்கறதுதான் என் வேலை, பேப்பர் பாக்கறது உங்க வேலை" என்கிறார்.

உங்கள் முன்னால் இப்படி ஒரு போன் வந்தால், "சரி, அவருக்கே கொடுத்துடுங்க" என்று எழுந்துவிடுங்கள். நிஜப் பார்ட்டி இருந்தால் மனை போகும், போகட்டும். இல்லையென்றால் வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் விலையைப் பேசாதீர்கள், வாரிசுச் சான்றின் அசலைக் கேளுங்கள்.

போன வாரம் அதே மனைக்கு ஆன்லைனில் விளம்பரம் பார்த்தேன். 75 லட்சம், உடனடி விற்பனை, ஒரே உரிமையாளர் என்று போட்டிருக்கிறார்கள். அக்கா இதுவரை எதிலும் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு நாள் முன்புதான் அவரிடம் பேசினேன்.