கோ மொழியின் எக்ஸிக்யூஷன் டிரேசர்: சில ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் கமிஷன் கடைகள் சிலவற்றுக்கான பில்லிங் மென்பொருளைப் பராமரித்து வருகிறேன். அதன் சர்வர் கோ மொழியில் எழுதப்பட்டது. முகூர்த்த நாள் அதிகாலையில் மல்லி வரத்து கூடி, எல்லாக் கடைகளும் ஒரே நேரத்தில் எடை பதியும்போது மட்டும் பில் வரத் தாமதமாகிக்கொண்டிருந்தது. சிபியுவோ அப்போதும் பெரும்பாலும் சும்மாவே இருந்தது. சிபியு நேரம் எங்கே செலவாகிறது என்று அளக்கும் சிபியு ப்ரொஃபைலர், ஓடிக்கொண்டிருக்கும் நிரலைத்தான் காட்டும். காத்துக்கிடக்கும் நிரல் அதன் கண்ணில் படாது.

2015இல் வெளிவந்த கோ 1.5 முதலே மொழியுடன் வரும் டிரேசர், ஒவ்வொரு கோரூட்டீனும் (கோ நிரலுக்குள் மற்றவற்றோடு சேர்ந்து நடக்கும் இலகுவான வேலை இழை) எப்போது ஓடியது, எதற்காக நின்றது, அதை மீண்டும் எழுப்பியது எது என்பதை நேரத்துடன் பதிவு செய்கிறது. சில விநாடிப் பதிவை பிரவுசரில் திறந்தபோது, பில் கேட்ட கோரூட்டீன்கள் எல்லாம் ஒரே மியூடெக்ஸுக்காக, அதாவது ஒரு சமயத்தில் ஒன்றுக்கு மட்டுமே கிடைக்கும் பூட்டுக்காக, வரிசையில் நிற்பதும், அந்தப் பூட்டை வைத்திருந்த கோரூட்டீன் ஒரு சிஸ்டம் காலில் (இயங்குதளத்திடம் வேலை கேட்கும் அழைப்பில்) மாட்டிக்கொண்டிருப்பதும் கண்ணெதிரே தெரிந்தன. சிஸ்டம் கால்களைப் பட்டியலிடும் லினக்ஸ் கருவியான ஸ்ட்ரேஸ், ஒவ்வொரு சிஸ்டம் காலின் நுழைவிலும் முடிவிலும் நிரலை நிறுத்துவதால், வியாபார நேரத்தில் அதைத் தொடாமல் சோதனைக் கணினியில் அதே சுமையைக் கொடுத்துப் பார்த்தேன். எழுதியதை டிஸ்க்கில் உறுதியாக்கும் சிஸ்டம் காலான எஃப்சிங்க்தான் காரணம்! ஒவ்வொரு எடையும் டிஸ்க்கில் உறுதியாகும்வரை பூட்டு விடப்படவில்லை. நெருங்கி வரும் பதிவுகளைச் சேர்த்து ஒரே எஃப்சிங்க்கில் எழுதும்படி மாற்றியதும் தாமதம் நீங்கியது; பில் கொடுக்கும் முன் பதிவு டிஸ்க்கில் சேர வேண்டும் என்ற உறுதியும் குலையவில்லை.

முன்பு டிரேசரை ஓடவிட்டாலே பல நிரல்களில் 10 முதல் 20 சதவீதம் வரை சிபியு கூடுதலாகச் செலவாகும். 2023இல் வந்த கோ 1.21 அதை 1, 2 சதவீதமாகக் குறைத்தது. எனக்கு அதைவிடப் பெரிய உதவி கோ 1.25இன் ஃப்ளைட் ரெக்கார்டர். கடைசிச் சில விநாடிகளை அது நினைவகத்திலேயே வைத்திருப்பதால், ஒரு பில் தாமதமான கையோடு நிரலே அந்தப் பதிவை எடுத்து வைத்துவிடுகிறது. தாமதம் மறுபடி வருமா என்று விடியற்காலையில் காத்திருக்கத் தேவையில்லை.

புதிதாகத் தொடங்குவோர் ஒவ்வொரு கோரிக்கையையும் டாஸ்க் என்றும் அதன் கட்டங்களை ரீஜன் என்றும் நிரலிலேயே குறித்துவிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் திரையில் கோரூட்டீன் எண்கள்தான் மிஞ்சும். எந்தக் கடையின் பில் நின்றது என்று தெரியாது. டேட்டாபேஸுக்குள் நடக்கும் தாமதமும் இதில் வெறும் நெட்வொர்க் காத்திருப்பாகவே தெரியும் என்பதால், அதற்கு எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸின் சொந்தப் பதிவுகளைத்தான் பார்க்கிறேன்.