சம்பளப் பிடித்தம்: நாமே கட்டுவதா, கன்சல்டன்ட்டிடம் விடுவதா, மென்பொருள் வாங்குவதா?

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி எளாவூர், ஆரம்பாக்கம், ஆந்திர எல்லைக்குள் இருக்கும் தடா என்று நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள சிறு பட்டறைகளிலும் பேக்கிங் யூனிட்டுகளிலும் ஆள் எண்ணிக்கை பத்தை நெருங்கியதும் முதலாளிக்கு ஒரு கேள்வி எழுகிறது. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), தொழில் வரி, டி.டி.எஸ். (சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி) ஆகியவற்றைத் தாமே பார்த்துக்கொள்வதா, மாதக் கட்டணத்துக்கு ஒரு கன்சல்டன்ட்டை வைத்துக்கொள்வதா, சம்பள மென்பொருள் வாங்குவதா என்பதே அது. பலரும் கட்டணத்தை வைத்தே முடிவெடுக்கிறார்கள். என் பார்வையில் கட்டணம் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். ஏனெனில் யார் கணக்குப் போட்டாலும், யார் பதிவேற்றினாலும், சட்டத்தின் முன் பொறுப்பாளி முதலாளி ஒருவரே. தொழிலாளியின் சம்பளத்தில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பதைச் சட்டம் வெறும் பாக்கியாகக் கருதாமல், ஒப்படைக்கப்பட்ட பணத்தைக் கையாடிய குற்றமாகவே கருதுகிறது.

கணக்கு எவ்வளவு கடினம் என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். மொத்தச் சம்பளம் 18,000 ரூபாய், அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளியிடம் பி.எஃப். 14,000-க்கு 12 சதவீதமாக 1,680 ரூபாயும், இ.எஸ்.ஐ. 18,000-க்கு 0.75 சதவீதமாக 135 ரூபாயும் பிடிக்க வேண்டும். முதலாளி தம் பங்காக பி.எஃப். 1,680, காப்பீட்டுக்கும் நிர்வாகச் செலவுக்கும் அரை அரை சதவீதமாக 140, இ.எஸ்.ஐ. 3.25 சதவீதமாக 585 ரூபாய் சேர்த்துக் கட்ட வேண்டும். கையில் போவது 16,185 ரூபாய். முதலாளிக்கு ஆகும் செலவு 20,405 ரூபாய். இரண்டு சலானுக்கும் கெடு அடுத்த மாதம் 15ஆம் தேதி.

இந்த அளவுக்கு ஒரு எக்செல் தாள் போதும். அரசுத் தளங்களில் பதிவேற்றக் கட்டணமும் இல்லை. பத்துப் பதினைந்து பேர் உள்ள இடத்தில், எண்களைப் பொறுமையாகப் பார்க்கும் ஒருவர் இருந்தால், நாமே செய்வதே சிறந்தது என்பேன். ஆனால் எக்செல் சறுக்கும் இடங்கள் உண்டு. இ.எஸ்.ஐ. உச்சவரம்பான 21,000 ரூபாயைத் தாண்டினாரா என்று பார்க்கும்போது ஓவர்டைம் தொகையைச் சேர்க்கக் கூடாது. மே மாதத்தில் சம்பளம் உயர்ந்து ஒருவர் வரம்பைத் தாண்டினாலும், செப்டம்பரில் அந்த அரையாண்டு முடியும்வரை அவருக்குப் பிடித்தம் தொடர வேண்டும். வரம்பைத் தாண்டிய மாதமே பெயரை நீக்கிவிடுவது நான் அதிகம் பார்க்கும் பிழை.

கன்சல்டன்ட்டின் உண்மையான பயன் கணக்கில் இல்லை, பெயர்ப் பொருத்தத்தில் இருக்கிறது. நம் பக்கத்துத் தொழிலாளிக்கு ஒற்றை எழுத்து இனிஷியல். சூலூர்பேட்டையிலிருந்து வருபவருக்கோ பெயருக்கு முன்னால் முழு வீட்டுப்பெயர். ஆதாரில் ஒரு விதமாகவும் பழைய கம்பெனி கொடுத்த யு.ஏ.என்.னில் (பி.எஃப். உறுப்பினர் எண்) வேறு விதமாகவும் இருந்தால், பணம் எடுக்கும் நாளில் அவர் அலைய நேரிடும். இந்தத் திருத்தங்களில் பழகிய கைக்குக் கொடுக்கும் காசு வீண் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: சலானைத் தயாரிப்பது அவர் வேலையாக இருக்கட்டும், பணம் நம் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகட்டும். மொத்தத் தொகையையும் அவர் கணக்கில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது ஆபத்து. தாமதமானால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி நம் பெயரில்தான் ஏறும். கடவுச்சொல்லும், தளத்தில் பதிவான கைப்பேசி எண்ணும் நம்மிடமே இருக்க வேண்டும்.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐம்பது பேருக்கு மேல் போனால் அது இல்லாமல் முடியாது; அதற்குக் கீழே, உள்ளே போடும் தகவல் தவறாக இருந்தால் தவறையே வேகமாக அச்சிட்டுத் தரும். கான்ட்ராக்டர் மூலம் ஆள் எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை என்ற பேச்சும் இப்பகுதியில் உண்டு. கான்ட்ராக்டர் கட்டாத பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகையை முதன்மை முதலாளியிடமே, அதாவது வேலை வாங்கும் நம்மிடமே, வசூலிக்கச் சட்டத்தில் வழி இருப்பதால், இதை ஒரு மாற்று வழியாகவே நான் கருதவில்லை.

எல்லையை ஒட்டித் தொழில் செய்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஆரம்பாக்கத்தில் 12 பேர், தடாவில் 9 பேர் என்று ஒரே நிறுவனம் இரு கிளை நடத்தினால், மாநிலம் வேறு என்பதால் கணக்கும் வேறு என்று நினைக்க இடமில்லை, பி.எஃப். சட்டப்படி கிளைகள் அனைத்தும் ஒரே நிறுவனமே. ஆகவே 21 பேராகி, பி.எஃப். கட்டாயமாகும் இருபது பேர் என்ற வரம்பு தாண்டிவிடுகிறது. பின்னர் ஆள் குறைந்தாலும் அந்தப் பொறுப்பு நீங்காது. தொழில் வரியிலோ நிலைமை தலைகீழ். தமிழ்நாட்டில் அது உள்ளாட்சி அமைப்புக்கு அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் வரி. ஆந்திராவில் அது மாநில வணிக வரித்துறைக்கு மாதந்தோறும் செலுத்த வேண்டிய வரி. மாதச் சம்பளம் 15,000 ரூபாய் வரை வரி இல்லை, அதற்கு மேல் 20,000 வரை 150 ரூபாய், அதையும் தாண்டினால் 200 ரூபாய். எங்கே குடியிருக்கிறார் என்பதை விட்டு, எங்கே வேலை செய்கிறார் என்பதைக் கொண்டே பிடிக்க வேண்டும். ஆகவே தடாவில் கிளை திறப்பவர், இங்குள்ள கன்சல்டன்ட் ஆந்திரப் பதிவையும் சேர்த்துப் பார்ப்பாரா என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது; மாட்டேன் என்றால், ஆந்திரத் தொழில் வரியை மட்டும் அங்குள்ள ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டு, மற்றவற்றை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.