செவலையின் 14 மாத போர்டிங் வாசம்

ஏற்காடு அடிவாரத்தில் கார் மோதிப் பின்னங்கால் முறிந்து கிடந்த செவலை என்ற நாயைத் தூக்கி வந்தபோது, காசு வாங்கிக்கொண்டு நாய்களைத் தங்கவைக்கும் போர்டிங்கில் ஒரு மாதம் இருந்தால் போதும் என்றுதான் கணக்குப் போட்டேன். காலில் பிளேட் வைத்தாயிற்று. வீட்டு உரிமையாளர் நாய் கூடாது என்றுவிட்டார். தத்தெடுக்க வந்த இருவரும் அவள் நொண்டுவதைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். ஒரு மாதம் 14 மாதமாகிவிட்டது: சேலம் ஊருக்குள் ஓரிடத்தில் 9, மலைமேல் ஓரிடத்தில் 5.

முதல் இடத்தில் டைல்ஸ் ஒட்டிய அறை, மின்விசிறி, கேமரா, தினமும் வாட்ஸ்அப்பில் ஒரு படம். மாதம் 6,000 ரூபாய். சோற்றுக்கும் கோழிக்கும் குறைவில்லை. எடைகூட 2 கிலோ ஏறியது. நான்கு மாதம்வரை பார்ப்பவரிடமெல்லாம் சிபாரிசு செய்துகொண்டிருந்தேன். நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

படத்தில் விழாததெல்லாம் நேரில் போனபோதுதான் தெரிந்தது. அவள் நடக்கையில் டைல்ஸில் டக்டக்கென்று சத்தம். மண்ணிலும் தாரிலும் திரிகிற நாய்க்கு நகம் தானாகத் தேயும். இவளுடையது கொக்கிபோல் வளைந்திருந்தது. முன்னங்கால் முழங்கைகளில் முடி கொட்டிக் காய்த்துப்போயிருந்தது. வால் நுனியில் சுவரில் அடித்த புண். அன்றிரவு கேமராவைத் திறந்து பார்த்தேன். அறையின் நடுவில் சுற்றிக்கொண்டிருந்தாள், நாற்பது நிமிடம், இடப்பக்கமாகவே. மூளையில் ஏதும் கோளாறோ என்று பயந்து டாக்டரிடம் காட்டினேன். சோதித்துவிட்டு, நெடுநாள் அடைபட்ட நாய்கள் இப்படிச் சுற்றுவதுண்டு என்றார்.

அங்கே வேலை பார்த்த பெரியவரிடம் கேட்டேன். "அண்ணா, இவளை வெளியே விடுகிறீர்களா?"

"திங்கள், செவ்வாயில் விடுவேன் கண்ணு. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறவர்கள் நாய்களைக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அவர்கள் தினம் இரண்டு முறை போன் போடுவார்கள். அந்த நாய்களை முதலில் கவனிக்க வேண்டாமா?"

அவர்மேல் குற்றமில்லை. பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ பத்து நாள் தங்கும் நாய்க்காகக் கட்டிய இடம் அது. மீட்ட நாய் அங்கே கேள்வி கேட்க ஆளில்லாத நிரந்தர வாடகை.

உண்ணிக் காய்ச்சலும் வந்தது. நாய்மேல் மட்டும் மருந்தடித்தார்கள். உண்ணியோ சுவர் வெடிப்பில் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. 28 நாள் டாக்ஸிசைக்ளின் என்ற மருந்து கொடுத்துத் தேற்றினோம். எப்போதும் அடைத்தோ கட்டியோ வைத்திருக்கும் நாயைப் போதிய அளவு நடக்கவிடாமல் இருப்பது, 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவுப்படி குற்றம். அந்தப் பிரிவு பிடிப்பது நாயின் உரிமையாளரை. அதாவது, பணம் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கிய என்னை.

மலைமேல் இருக்கும் இடம் பார்வைக்கு ஒன்றுமில்லை. காப்பித் தோட்டத்தை ஒட்டிய தகரக் கொட்டகை, கம்பி வேலி போட்ட மண் முற்றம். கேமரா கிடையாது; படம் வாரத்துக்கு ஒன்று வந்தால் பெரிது. ஆனால் காலையும் மாலையும் முற்றத்தில் விடுகிறார்கள், கூடவே சாதுவான ஒரு கிழட்டு ஆண் நாயும். முதல் நாள் மண்ணில் கால் வைக்கவே தயங்கி, வாசலிலேயே நின்றுவிட்டாள். மூன்றாவது வாரம் குழி தோண்டிப் படுத்திருந்தாள். நகம் இப்போது வெட்டாமலே அளவாக இருக்கிறது.

குறையும் உண்டு. மார்கழிப் பனியில் சாக்கு நனைந்து கிடந்தது. நான் சத்தம் போட்ட பிறகுதான் கயிற்றுக் கட்டில் போட்டார்கள். இரவில் அவசரமென்றால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் வர வேண்டும்.

இடம் தேடுகிறவர்கள் அறையைப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். சனிக்கிழமை மாலை சொல்லாமல் போய், அங்கே ஆறு மாதத்துக்கு மேல் இருக்கும் நாயைக் காட்டச் சொல்லுங்கள். அதன் நகத்தையும் முழங்கையையும் தொட்டுப் பாருங்கள்.

செவலை நன்றாகத்தான் இருக்கிறாள். மழை பிடித்துக்கொண்டு உள்ளே அடைத்தால் மட்டும் எழுந்து, இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்குகிறாள்.