ஐ.பி. கொடுப்பதா, பேசித் தீர்ப்பதா?

கடன் கழுத்தை நெரிக்கும்போது "பேசாம ஐ.பி. கொடுத்துடு" என்று சொல்ல ஒரு சொந்தக்காரர் எப்படியும் வந்துவிடுவார். ஐ.பி. என்பது, கடனை அடைக்க முடியவில்லை, என்னைத் திவாலானவர் என்று அறிவியுங்கள் என்று நீதிமன்றத்தில் போடும் மனு. அந்த மனுவுக்கான மஞ்சள் நோட்டீஸ் போனால் கடன் கொடுத்தவர்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் பலருக்கு உண்டு. அது பாதிதான் உண்மை.

முதலில் சட்டம். தனிநபர் திவாலுக்கு சென்னையில் 1909ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற மாவட்டங்களில் 1920ஆம் ஆண்டுச் சட்டம். 2016இல் புதுத் திவால் சட்டம் வந்தாலும், அதில் தனிநபருக்கான பகுதி கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. அதனால் 500 ரூபாய் கடனை அடைக்க முடியாவிட்டாலும் மனு போடலாம் என்ற வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு இன்னும் நிற்கிறது!

மனு போடுவது சுலபம், பின்னால் வருவதுதான் கஷ்டம். திவாலானவர் என்று நீதிமன்றம் அறிவித்துவிட்டால் சொத்து உங்கள் கையை விட்டுப் போய்விடும். துணிமணி, சமையல் பாத்திரம், தொழில் கருவி போன்றவைதான் மிஞ்சும். மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் மனைவி பெயருக்கோ தம்பி பெயருக்கோ சும்மா எழுதிவைத்த சொத்தையும் ரத்து செய்யலாம். அடமானம் வாங்கிய வங்கி தன் அடமானத்தின் மீது நடவடிக்கை எடுப்பதை ஐ.பி. தடுக்காது. அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கியும் கரையாது. கடன்களிலிருந்து உங்களை விடுவித்து நீதிமன்றம் போடும் விடுதலை உத்தரவு வரும்வரை, திவாலானதைச் சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலே குற்றம்.

இதோடு ஒப்பிட்டால் தவணையை நீட்டிக்கொள்வது சாதுவான வழி. மாதச் சம்பளம் வருகிறது, இ.எம்.ஐ. மட்டும்தான் பெரிதாக இருக்கிறது என்றால் இதுவே போதும். மொத்த வட்டி கூடும், அவ்வளவுதான்.

கையில் மொத்தமாக ஒரு தொகை புரளும் என்றால் ஓ.டி.எஸ்., அதாவது ஒரே தடவையில் கட்டிக் கணக்கைத் தீர்ப்பது. வங்கி ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து கணக்கை முடிக்கும். ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையிலும் 'குளோஸ்டு' (முழுதாக அடைத்தது) என்று வராது, 'செட்டில்டு' (குறைத்து முடித்தது) என்றுதான் வரும். அடுத்த கடன் கேட்கும்போது அந்த ஒரு சொல் குறுக்கே நிற்கும். மேனேஜர் வாய்வார்த்தையை நம்பிப் பணம் கட்டாதீர்கள், தொகையும் தேதியும் போட்ட கடிதம் முதலில் வரட்டும்.

அதே பேரத்தை லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசித் தீர்க்கும் மக்கள் நீதிமன்றத்தில், முடிப்பது இன்னும் நல்லது என்பேன். கட்டணம் இல்லை, வழக்கு போடும் முன்பே போகலாம். அங்கே கையெழுத்தான தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. ஒத்துவராவிட்டால் எழுந்து வந்துவிடலாம். ஒத்துக்கொண்டுவிட்டுத் தவணை தவறினால் மட்டும் அந்தத் தீர்ப்பே உங்கள் மேல் பாயும்.

அப்போது ஐ.பி. யாருக்கு? சொத்து இல்லை, வருமானம் நின்றுவிட்டது, கைமாற்றும் புரோநோட்டுமாகப் பத்துப் பேர் ஆளுக்கொரு வழக்கு போட்டிருக்கிறார்கள் என்றால் அது அர்த்தமுள்ள வழி. மீட்டர் வட்டி, கந்துவட்டி என்றால் மஞ்சள் நோட்டீஸை விட, 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தின் கீழ்ப் புகார் கொடுப்பதுதான் முதல் வேலை.

அப்புறம், ஜாமீன் போட்டவர். ஐ.பி.யில் உங்களுக்கு விடுதலை கிடைத்தாலும் அவருக்குக் கிடைக்காது, வங்கி நேரே அவர் வீட்டுக்குப் போகும். ஓ.டி.எஸ்ஸிலோ லோக் அதாலத்திலோ அவர் பொறுப்பும் இத்தோடு தீர்ந்தது என்று ஒரு வரி சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளலாம்.