பிரெக்கன் பீக்கன்ஸ் அருவிப் பாதைகள்: நான்கு அருவிச் சுற்று, எலிடிர், மேலே மூர்லாந்து – எந்த நாளுக்கு எது?

தெற்கு வேல்ஸில் மெல்ட்டே, ஹெப்ஸ்டே, நெத் வெகன் ஆகிய ஆறுகள் காட்டுப் பள்ளத்தாக்குகளில் இறங்கும் இடம் இது. அதற்கு வடக்கே மூர்லாந்து, அதாவது மரமே இல்லாமல் புல்லும் புதருமாகக் கிடக்கும் மேட்டுநிலம், விரிகிறது. இரண்டும் ஒரே தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. 2023 ஏப்ரல் முதல் பூங்காவின் பெயர் ‘பன்னாய் ப்ரகைனியோக்’. பழைய வரைபடங்களில் ‘பிரெக்கன் பீக்கன்ஸ்’ என்றே இருக்கும். குழம்ப வேண்டாம், இடம் அதேதான்.

இங்கே நடக்கப் போகிறவர்கள் அன்று காலை வானம் எப்படி என்பதைவிட, முந்தைய இரண்டு நாளில் எவ்வளவு மழை பெய்தது என்பதைப் பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மேலே உள்ள பீட் மண் (மட்கிய செடிகொடிகள் படிந்த கரிய மண்) மழையைக் குடித்து நிரம்பியதும் மிச்சத்தைக் கீழே தள்ளிவிடுகிறது. அருவி கொட்டுகிற நாளில் மூர்லாந்து சேறாகக் கிடக்கும். மூர்லாந்து நடக்க வாகாக இருக்கும் நாளில் அருவி இளைத்துப் போயிருக்கும். இரண்டும் ஒரே நாளில் அருமையாக இருக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

நான்கு அருவிச் சுற்று – மதிப்பெண் 5-க்கு 4.5

பெயர் பெற்ற பாதை, பெயருக்குத் தகுதியான பாதை. வெல்ஷ் மொழியில் ‘ஸ்குட்’ என்றால் அருவி. ஸ்குட் க்ளின் க்வின், ஸ்குட் இசாவ் க்ளின் க்வின், ஸ்குட் அ பன்னூர் என்ற மூன்றும் மெல்ட்டே ஆற்றில் இருக்கின்றன. நான்காவதான ஸ்குட் அர் எய்ரா ஹெப்ஸ்டேயில். கும் போர்த், க்வைன் ஹெப்ஸ்டே என்ற இரண்டு கார் பார்க்கில் எதிலிருந்தும் தொடங்கலாம். கட்டணம் உண்டு, சில்லறையும் கையில் இருக்கட்டும். கழிப்பறையைக் கும் போர்த்திலேயே பயன்படுத்திவிடுங்கள், பாதையில் எதுவும் கிடையாது. மொத்தம் சுமார் 8 கி.மீ.

நேரக் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். மலை நடையில் வழக்கமாகப் போடும் நெய்ஸ்மித் கணக்குப்படி 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக அரை மணி நேரம். அப்படிப் பார்த்தால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிட வேண்டும். முடியாது. மேலே போகும் பிரதான பாதை அகலமானது, அதில் கணக்கு சரியாகவே வரும். ஆனால் ஒவ்வொரு அருவிக்கும் அதிலிருந்து பிரிந்து செங்குத்தாக இறங்கி, பார்த்துவிட்டு, மறுபடி ஏறி வர வேண்டும். அந்தக் கிளைப் பாதைகளில் வேரும் ஈரப் பாறையும் உயரம் ஒத்துவராத படிகளும்தான். எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். மூன்றரை முதல் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், பள்ளத்தாக்குக்குள் இன்னும் முன்னதாக. பகல் ஒரு மணிக்குக் கார் பார்க்கை விட்டுக் கிளம்புவது அந்த மாதத்தில் தப்பு.

வரிசை பற்றி ஒரு யோசனை. பெரும்பாலானோர் கும் போர்த்தில் தொடங்கி ஆற்றோடு இறங்குவதால், ஸ்குட் அர் எய்ரா கடைசியாக வருகிறது. அங்கேதான் நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் ஒரே மூச்சாக இறங்குகின்றன. ஏறியும் ஆக வேண்டும். முழங்கால் ஓய்ந்த நேரத்தில் அந்தப் படிகள் வருவது நல்லதல்ல. க்வைன் ஹெப்ஸ்டேயில் தொடங்கினால் காலையிலேயே முதலில் அதைப் பார்த்துவிடலாம். கூட்டமும் குறைவாக இருக்கும், காலிலும் தெம்பு இருக்கும். பிறகு பன்னூர், இசாவ், க்ளின் க்வின் என்று ஆற்றை எதிர்த்து மேலே போகலாம்.

ஸ்குட் அர் எய்ராவின் சிறப்பு, விழும் தண்ணீருக்குப் பின்னால் நடந்து போகலாம் என்பது. மேலே கெட்டியான மணற்பாறை, கீழே மிருதுவான சேற்றுப்பாறை. தண்ணீர் கீழ் அடுக்கை அரித்து அரித்து உள்ளே தள்ளிவிட, மேல் அடுக்கு கூரைபோல நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் அடியில் உள்ள விளிம்புதான் நாம் நடக்கும் வழி. ஆகவே மேலிருந்து கல் விழுவது அங்கே அதிசயமில்லை. மூடியிருப்பதாக அறிவிப்பு இருந்தால் தாண்டிப் போகாதீர்கள். திறந்திருந்தால் தொப்பியுள்ள மழைக் கோட்டைப் படி இறங்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். அருவிக்கு அருகே போய் நின்று போட நினைத்தால் உள்சட்டை நனைந்த பிறகுதான் ஜிப் ஏறும். பாறையில் பச்சையாகத் தெரியும் இடம் வழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கறுப்பாகப் பளபளக்கும் இடம் அதைவிட மோசம், ஆயிரக்கணக்கான காலணிகள் தேய்த்து மெருகேற்றியது அது. சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாகத் தெரியும் இடமாகப் பார்த்து, முழுப் பாதமும் பதியும்படி மிதியுங்கள். நடைக்கோல் வைத்திருப்பவர்கள் இந்த விளிம்பில் அதை மடித்துப் பையில் செருகிவிடுவது மேல். பிடித்துக்கொள்ள இரண்டு கையும் தேவைப்படும்.

அரை மதிப்பெண் ஏன் குறைந்தது? கோடை விடுமுறை வார இறுதிகளில் கிளைப் பாதைகளில் நெரிசல். பன்னூர் அருவி அருகே தட்டையான பாறைகள் இருப்பதால் கூட்டம் அங்கேயே உட்கார்ந்துவிடும். குளத்தில் குதிப்பவர்களையும் பார்க்கலாம். பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கோடையிலும் தண்ணீர் சில்லென்றிருக்கும். திடீரென்று அதில் விழும் உடம்பு தன்னையறியாமல் மூச்சை இழுக்கும், அந்த ஒரு மூச்சு தண்ணீருக்குள் நடந்தால் போதும். அடியில் பாறை எங்கே இருக்கிறது என்பதும் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் மாறும்.

கும் போர்த் கார் பார்க்குக்குக் கீழேயே போர்த் அர் ஓகோவ் குகை. சுண்ணாம்புப் பாறையைத் துளைத்து மெல்ட்டே ஆறு முழுதாக உள்ளே போய், கொஞ்ச தூரம் தள்ளி வெளியே வருகிறது. குகை வாயை வெளியிலிருந்து பார்க்கப் பத்து நிமிடம் ஒதுக்கலாம். ஆறு வெளியே வரும் குளம் பார்க்க நீலமாக, அமைதியாக இருக்கும். அங்கே பலர் மூழ்கி இறந்திருக்கிறார்கள். குளிக்கும் இடம் அல்ல. வறண்ட கோடையில் ஹெப்ஸ்டேயின் மேல்பகுதியும் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிவிடும், ஆற்றுப்படுகையில் வெறும் கல்தான் கிடக்கும். அதைப் பார்த்து ஸ்குட் அர் எய்ராவும் வற்றிவிட்டது என்று திரும்பிவிடாதீர்கள். தண்ணீர் கீழே மறுபடி வெளிவந்துதான் அருவியாகிறது.

எலிடிர் பாதை – 5-க்கு 4

சிறு பிள்ளைகளோடும் பெரியவர்களோடும் வருகிறவர்களுக்கு இதுதான். பான்ட்நெத்வெகன் ஊரில் ஏஞ்சல் இன் அருகே உள்ள கேட்டில் தொடங்கி, நெத் வெகன் ஆற்றோரமாக வடக்கே போகிறது. ஒரு வழி சுமார் 4 கி.மீ. முதல் பகுதி அகலமானது, ஏற்றம் மிகக் குறைவு. பிர்தின் ஆறு வந்து சேரும் இடத்தில் கிளை பிரிந்து சற்று உள்ளே போனால் ஸ்குட் க்வ்லாடிஸ். ஒரே திரையாக விழும் அழகான அருவி, எதிரே நின்று பார்க்க மேடையும் உண்டு. பிள்ளைகளோடு வந்தவர்கள் இத்தோடு திரும்பிவிடலாம். சென்று வர ஒன்றரை மணி நேரம் தாராளம்.

அதற்கு மேலே பாதையின் குணமே மாறுகிறது. குறுகலாகவும் கரடுமுரடாகவும் பான்ட் மெலின் வாக் வரை போகும். வழியில் குதிரை லாடம் போல வளைந்த ஸ்குட் அ பெடோலும் இரண்டு டூலி அருவிகளும் வரும். ஆள் நடமாட்டம் பாதியாகக் குறையும், அதற்காகவே போகலாம். ஆறு உயர்ந்திருக்கும் நாளில் கரையோரத் தாழ்வான இடங்களில் தண்ணீர் ஏறும். பாதை தண்ணீருக்குள் போவதாகத் தெரிந்தால் அன்றைக்கு அத்தோடு சரி.

இதே ஊரில் மெல்ட்டே ஓரமாக இன்னொரு தட்டையான வழியும் இருக்கிறது. 1857 முதல் 1931 வரை இயங்கிய வெடிமருந்து ஆலையின் இடிபாடுகள் வழியாகப் போகும். அருவி எதுவும் இல்லை, மழை நாளுக்கு மட்டும் உதவும். 5-க்கு 3.

மூர்லாந்து: ஃபான் நெத், ஃபான் லியா – நாளைப் பொறுத்து 2 அல்லது 5

அஸ்ட்ராட்வெல்ட்டேயிலிருந்து வடக்கே போகும் சிறு சாலையின் ஓரத்திலேயே மைன் லியா என்ற நடுகல் நிற்கிறது. 3.7 மீட்டர் உயரம், 2.8 மீட்டர் அகலம், தடிமன் ஒரு மீட்டர்கூட இல்லை. சேவல் கூவினால் இந்தக் கல் ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் குடிக்கும் என்பது அந்த ஊர்க் கதை. இதன் மேற்கே ஃபான் நெத் (663 மீட்டர்), கிழக்கே ஃபான் லியா (632 மீட்டர்). உயரம் பெரிதில்லை, ஆனால் பல இடங்களில் பாதை என்று ஒன்று தெளிவாக இருக்காது. 1:25,000 வரைபடம் (பிரிட்டிஷ் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎஸ் எக்ஸ்ப்ளோரர் ஓஎல்12) கட்டாயம். அதில் 4 செ.மீ. என்றால் ஒரு கிலோமீட்டர்.

இங்கே நிறத்தைப் பார்த்து நடக்கப் பழக வேண்டும். வைக்கோல் நிறத்தில் குடுமி குடுமியாக நிற்பது மொலினியா புல். குடுமி மேல் மிதித்தால் கணுக்கால் பிசகும், இடையில் மிதித்தால் தண்ணீர். வேகம் பாதியாகிவிடும். கரும்பச்சைக் கோரை இருந்தால் அடியில் சேறு. கண்ணைப் பறிக்கும் இளம்பச்சைப் பாசி மெத்தை இருந்தால் சுற்றிப் போங்கள், முழங்கால் வரை இறங்கும். பில்பெரியும் ஹெதர் புதரும் வளரும் இடம் பெரும்பாலும் காய்ந்த தரை. நாலைந்து நாள் மழையில்லாத வாரம், அல்லது தரை உறைந்த பனிக்காலக் காலை என்றால் இதே நிலம் ஐந்து மதிப்பெண் நடை. மேகம் இறங்கிய நாளில் உச்சி தட்டையாக இருப்பதால் திசை எளிதில் மாறிவிடும். திசைகாட்டி பயன்படுத்தத் தெரியாதவர்கள் அன்று ஏறக் கூடாது.

நிலம் ஊறிக் கிடந்தும் மேட்டுநிலம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் சார்ன் ஹெலன் இருக்கிறது. ரோமானியர் காலச் சாலைத் தடம், அடியில் கல் இருப்பதால் கால் புதையாது. ப்ளைன் லியா கார் பார்க்கிலிருந்து மைன் மடோக் என்ற லத்தீன் எழுத்துப் பொறித்த கல் வரை போய் வரலாம்.

நாய் கொண்டுவருகிறவர்களுக்கு: திறந்தவெளி அணுகல் நிலத்தில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் கட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம், தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக. ஆடு மாடு அருகில் இருந்தால் ஆண்டு முழுவதும் அப்படித்தான். வீடு திரும்பியதும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று நாயின் காதையும் உங்கள் முழங்கால் மடிப்பையும் பாருங்கள்.

பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் வரும் போகும். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விபத்து என்றால் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்து முதலில் போலீஸ் கேட்டு, பிறகு மவுன்டன் ரெஸ்க்யூ வேண்டும் என்று சொல்ல வேண்டும். சிக்னலே இல்லையென்றால் விசில்: நிமிடத்துக்கு ஆறு முறை, ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. பேச முடியாத அளவு சிக்னல் பலவீனமான இடத்திலும் குறுஞ்செய்தி போய்விடும். ஆனால் 999-க்குக் குறுஞ்செய்தி அனுப்ப உங்கள் எண் முன்பே பதிவாகியிருக்க வேண்டும். ‘ரெஜிஸ்டர்’ என்று ஆங்கிலத்தில் எழுதி 999-க்கு அனுப்பி, வரும் பதிலில் சொன்னபடி உறுதி செய்தால் பதிவாகிவிடும். கிளம்புவதற்கு முந்தைய நாளே இதைச் செய்து வையுங்கள்.