மாடிக்குச் சுண்ணாம்பா, கீற்றுப் பந்தலா?

அக்னி நட்சத்திரத்தில் மேல்மாடி வீட்டில் ராத்திரி 11 மணிக்கும் ஃபேன் அனலைத்தான் இறக்கும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் அதை மெல்ல அறைக்குள் விடுகிறது. ஆக, வெயில் தளத்தில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுண்ணாம்பு மலிவு. பசை கலந்து இரண்டு கோட் அடித்தால் போதும். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் தூசி படியப் படிய பலன் குறையும், மழையில் கரையும், அடுத்த பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டும். வடாம் காயப்போடப் போனால் கண் கூசும், அது வேறு.

பந்தல் போட்டால் வெயில் தளத்தைத் தொடவே தொடாது. கீற்றுக்கும் தளத்துக்கும் நடுவே ஆள் நிற்கும் உயரம் விட்டால் காற்றோடி சூட்டைக் கொண்டுபோகும். சாயங்காலம் உட்காரவும் இடம். குளிர்ச்சியில் இதற்கே என் ஓட்டு. ஆனால் ஆடிக் காற்று பிய்த்தெறியும். தீபாவளி ராக்கெட் ஒன்று விழுந்தால் போச்சு. நெருக்கமான தெருவிலோ வாடகை வீட்டிலோ இருந்தால் பேசாமல் சுண்ணாம்பே அடியுங்கள். பந்தல் போட்டவர்கள் ஐப்பசிக்கு முன்பே கீற்றை இறக்கிவிடுங்கள்.