ஒரு லேப்டாப், இரண்டு குடித்தனம்

2022 கடைசியில் விண்டோஸ் 11 இருந்த என் லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் 21 என்ற இன்னொரு இயங்குதளத்தையும் ஏற்றினேன். அன்று முதல் இரண்டும் ஒரே வீட்டில்தான் குடித்தனம் நடத்துகின்றன.

எனக்கு டிடிபி தொழில். பழைய கல்யாணப் பத்திரிகைகள், கோயில் விழா நோட்டீஸ்கள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளாக, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் கிடக்கின்றன. அதற்கு விண்டோஸ் வேண்டும். மற்ற எல்லா வேலைக்கும் மின்ட்தான் கைக்கு வாகாக இருக்கிறது. ஒரு சிஸ்டத்துக்குள்ளேயே இன்னொன்றை ஓட்டும் விர்ச்சுவல் மெஷினும் வைத்துப் பார்த்தேன். 8 ஜிபி ரேமில் இரண்டுக்கும் மூச்சு வாங்கியது.

நிறுவ ஒரு மதியம் போதும். இடம் ஒதுக்குவதில்தான் திணறினேன். 512 ஜிபி என்று வாங்கிய எஸ்எஸ்டியை விண்டோஸ் 476 என்றுதான் காட்டும். அதில் சி டிரைவைச் சுருக்கப் போனால், நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்துகொண்டு வழிவிடவில்லை. ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி வைக்கும் ஹைபர்னேஷனையும் பேஜ் ஃபைலையும் தற்காலிகமாக நிறுத்திய பிறகுதான் கேட்ட இடம் கிடைத்தது. மின்ட்டுக்கு 100 ஜிபி, இரண்டுக்கும் பொதுவாக ஒரு என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் டிஸ்க் வடிவம்) டிரைவ், மீதி விண்டோஸுக்கு.

அப்புறம்தான் வேடிக்கை. ஒரு நாள் காலை பத்தரைக்கு ஒரு வாடிக்கையாளருக்கு விண்டோஸிலிருந்தே பில் அடித்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், "அண்ணே, அஞ்சு மணிக்கே கடையைத் திறந்துட்டீங்களா?" என்றார். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நம் ஊரில் அந்த இடைவெளி சரியாக ஐந்தரை மணி நேரம். விண்டோஸில் நேரத்தைத் திருத்தினால், அடுத்த முறை மின்ட் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்இஸ்யுனிவர்சல்' என்று ஒரு மதிப்பைச் சேர்த்து 1 என்று வைத்ததும் சண்டை தீர்ந்தது.

பொது டிரைவிலும் ஒரு தகராறு. மின்ட்டிலிருந்து கோப்பைத் திறக்கலாம், சேமிக்க முடியாது. டிஸ்க் போய்விட்டதோ என்று பயந்து இரவோடு இரவாக எல்லாவற்றையும் பென்டிரைவில் நகலெடுத்தேன். விஷயம் அற்பம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போட்டிருந்தால் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் டிரைவில் எழுதினால் கோப்புகள் கெட்டுப்போகலாம் என்பதால் லினக்ஸ் ஒதுங்கிக்கொள்கிறது. பவர் ஆப்ஷன்ஸில் அந்த டிக்கை எடுத்துவிட்டேன். இரண்டு சிஸ்டம் வைக்கப் போகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

பெரிய தவறு நானே செய்தது. ஏதோ சோதித்துப் பார்க்க, கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் என்ற அமைப்பை அணைத்தேன். அடுத்து விண்டோஸ் போனால் நீலத்திரையில், டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. குறியாக்கம் போட்டிருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது! நல்லவேளை, சாவி என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது. இப்போது ஒரு தாளில் எழுதி பில் புத்தகத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்த ஒரு முறை, எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் கிரப் (GRUB) மெனு வராமல் நேராக விண்டோஸ் திறந்தது. மின்ட் அழியவில்லை, பூட் வரிசைதான் மாறியிருந்தது. பயாஸில் மின்ட் என்று தேடாதீர்கள். அது 'உபுண்டு' என்ற பெயரில்தான் இருக்கும்.

புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி எஸ்எஸ்டி போட்டுவிடுவேன். சுருக்குகிற வேலையே இல்லை. ஆனால் ரீஸ்டார்ட் அலுப்பு அப்போதும் இருக்கும். அதனால் பேஜ்மேக்கர் வேலைகளைச் சேர்த்து வைத்துச் சனிக்கிழமைதான் விண்டோஸைத் திறக்கிறேன். ஒரு வாரத்து அப்டேட் காத்திருக்கும். அதை ஓடவிட்டு, டீ குடித்துவிட்டு வருவேன்.